கூடிக் கேட்டால் குழப்பம் தீரும்!

மாதக் கடைசி. மாலை மணி 7.

கம்மாபுரத்தில் ஒரு சிறிய காண்டிராக்டரின் ஆபீஸ் என்று வைத்துக் கொள்வோம். நெய்வேலிச் சுரங்க வேலைக்கு ஆள் அனுப்பும் இடம். உள்ளே ஒரே ஒரு குமாஸ்தா. எதிரே கம்ப்யூட்டர். திரையில் 42 பேரின் சம்பளப் பட்டியல். காலையில் அது பாங்கிக்குப் போயாக வேண்டும்.

ஆனால் கூட்டுத்தொகை சரியாக வரவில்லை! 13,500 ரூபாய் குறைகிறது. அது யாரோ ஒருவரின் ஒரு மாத உழைப்பு. அவர் வீட்டு அரிசி, பால், பிள்ளையின் பஸ் சார்ஜ் எல்லாம் அதில்தான்.

மூன்று முறை கூட்டிப் பார்க்கிறார் குமாஸ்தா. கால்குலேட்டர் ஒரு தொகை சொல்கிறது. கம்ப்யூட்டர் வேறு தொகை சொல்கிறது. முதலாளியைக் கேட்கலாமா? "இது கூடத் தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டு விட்டால்?

அந்த நேரத்தில் பக்கத்து மண்டியில் கணக்கு எழுதும் அம்மாள் வீட்டுக்குப் புறப்படுகிறார். குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே வருகிறார்.

"என்னக்கா செய்றது? ஒரு ஆள் சம்பளம் விழுந்து போச்சு!"

"தம்பி, அந்த 17-வது வரியைப் பாருங்க. மத்த எண்ணெல்லாம் வலப் பக்கம் ஒட்டியிருக்கு. அது மட்டும் இடப் பக்கம் ஒட்டியிருக்கு, பார்த்தீங்களா?"

விஷயம் இவ்வளவுதான். அந்த எண்ணுக்கு முன்னால் கை தவறி ஒரு சிறு குறி விழுந்து விட்டது. கம்ப்யூட்டர் அதை எண்ணாக எடுத்துக் கொள்ளவில்லை. எழுத்து என்று நினைத்துக் கொண்டது. எழுத்தைக் கூட்டலில் சேர்க்காது. அதை அழித்து விட்டு மறுபடி அடித்தார் குமாஸ்தா. கணக்கு சரியாகி விட்டது!

அம்மாள் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. போன வருஷம் அவரும் இதே இடத்தில் மாட்டிக் கொண்டு விழித்தவர். அவ்வளவுதான்.

போட்டிக் கம்பெனிகள் கை கோர்த்தன

ஒரே சாப்ட்வேரை உபயோகிக்கிறவர்கள் ஒன்று கூடி, தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைக் கேட்கும் வழக்கம் புதிதல்ல. 1955-ம் ஆண்டே அமெரிக்காவில் தொடங்கி விட்டது.

அப்போது கம்ப்யூட்டர் என்றால் ஒரு பெரிய அறையை அடைத்துக் கொண்டு நிற்கும் யந்திரம். ஐ.பி.எம். கம்பெனி "704" என்ற புது யந்திரத்தைக் கொண்டு வர இருந்தது. அதை வாங்கப் போகிறவர்களில் பலர் ஆகாய விமானம் செய்யும் கம்பெனிக்காரர்கள். வியாபாரத்தில் ஒருவருக்கொருவர் போட்டி!

ஆனால் ஒரு தொல்லை எல்லோருக்கும் பொது. யந்திரத்துக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் கட்டளைகளை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக எழுதிக் கொண்டிருந்தது. ஒரே வேலைக்குப் பத்து இடத்தில் பத்துப் பேர் மண்டையை உடைத்துக் கொண்டார்கள். காசும் தண்ணீராகச் செலவழிந்தது.

அந்த ஆகஸ்டு மாதம் சான்டா மோனிகா நகரில் கூடினார்கள். சங்கம் பிறந்தது. "ஷேர்" என்று பெயர். பகிர்ந்து கொள் என்று அர்த்தம். புது யந்திரம் கைக்கு வரும் முன்பே சங்கம் வந்து விட்டது, பாருங்கள்! விமான ரகசியத்தை யாரும் வெளியே விடவில்லை. கணக்குப் போடும் வழியை மட்டும் பகிர்ந்து கொண்டார்கள். "இதைத் திருத்துங்கள், அதைச் சேருங்கள்" என்று ஐ.பி.எம்.மிடம் ஒரே குரலில் கேட்கவும் முடிந்தது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

நெய்வேலி மண்ணின் கதை

செய்தவர்தான் எல்லாம் அறிந்தவர் என்று நினைப்பது தவறு. இதை நெய்வேலிப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே 1957-ல் சுரங்க வேலை தொடங்கியது. மண்ணை வெட்ட ராட்சதச் சக்கர யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அங்கே மண் வேறு. இங்கே மேல் மண்ணில் கெட்டியான மணற்பாறை. வெட்டும் பற்கள் சீக்கிரம் தேய்ந்தன. அடியிலோ ஊற்று நீர் முட்டிக் கொண்டு நின்றது. இரவு பகலாக அதை இறைத்தால்தான் நிலக்கரி. இதையெல்லாம் இங்கே நின்று வேலை செய்தவர்கள் அல்லவா கண்டு கொண்டார்கள்? சாப்ட்வேரும் அப்படித்தான். அது எங்கே முரண்டு பிடிக்கும் என்பது தினமும் அதோடு மல்லுக்கு நிற்கிறவருக்கே தெரியும்.

பக்கத்திலேயே இருக்கிறது

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய சங்கங்கள் உண்டு. லினக்ஸ் என்பது யாரும் காசில்லாமல் எடுத்து உபயோகிக்கக் கூடிய சாப்ட்வேர். சென்னையில் லினக்ஸ் உபயோகிப்பவர்கள் பல ஆண்டுகளாக ஐ.ஐ.டி.யில் மாதத்தின் 2-வது சனிக்கிழமை கூடி வந்தார்கள். பெரிய நிபுணரும் கல்லூரி மாணவரும் ஒரே பெஞ்சில்!

விழுப்புரத்திலும் அப்படி ஒரு குழு இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறது. கடலூரும் விழுப்புரமும் 1993 வரை ஒரே தென்னாற்காடு ஜில்லாதானே? கம்மாபுரத்துக்காரர்களுக்கு அது அயலூர் அல்ல.

எல்லாச் சங்கமும் இப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. சிலவற்றில் சரக்கு விற்பதே நோக்கம். கூட்டம் முழுவதும் புது சாப்ட்வேரின் விலையைப் பேசினால் எழுந்து வந்து விடலாம். இன்னொன்று: கேள்வியைக் கொண்டு போகலாம்; சம்பளப் பட்டியலைக் கொண்டு போகக் கூடாது. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது. ஆட்களின் பெயரும் பாங்கி நம்பரும் உள்ள தாளை மறைத்து விட்டு, பிசகும் இடத்தை மட்டும் காட்ட வேண்டும். மண்டி அம்மாளிடம் குமாஸ்தா திரையை அப்படியே காட்டியது கூட சரியல்ல. பதற்றத்தில் செய்து விட்டார்.

2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது கணக்கு எழுதுகிறவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? தனியாக இருந்தவர்கள் அதிகம் திணறினார்கள். நாலு பேரைத் தெரிந்தவர்கள் போனிலேயே கேட்டுச் சமாளித்தார்கள்.

கம்மாபுரத்தில் மண்டி, மருந்துக் கடை, கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூட ஆபீஸ் என்று கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஐந்து பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் உட்கார்ந்தால் போதும். ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். முதல் பக்கத்தில் எழுத வேண்டியதும் தயாராக இருக்கிறது: "கூட்டல் தவறினால், இடப் பக்கம் ஒட்டிய எண் எது என்று பார்."