உஷார்! பூசுவதற்கு முன் காப்பர் பைப்பைப் பாருங்கள்

வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்களா? சுவரைக் கொத்தி ஏ.சி.க்கான காப்பர் பைப்பை உள்ளே விட்டாயிற்றா? "சார், பூசிடலாமா?" என்று கொத்தனார் கலவையோடு நிற்கிறாரா? அவருக்கு இரண்டு நாள் வேறு பக்கம் வேலை கொடுங்கள். அந்தச் சுவரை மட்டும் தொட வேண்டாம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் பரனூர் டோல்கேட் தாண்டி, பாலாற்றுப் பாலம் இறங்கி, மாமண்டூர், புக்கத்துறை, படாளம் கூட்ரோடு என்று ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் மனை போட்டு வீடு எழும்புகிறது. முன்பு குடிவந்த பிறகுதான் ஏ.சி. வாங்குவார்கள். சுவரில் ஓர் ஓட்டை, வெளியே தொங்கும் பைப், அவ்வளவுதான். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் கசிந்தால் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணில் பட்டுவிடும். இப்போது எல்லாமே 'கன்சீல்டு'. ஏ.சி. எந்தக் கம்பெனி என்பதே முடிவாகாத நேரத்தில், எலெக்ட்ரீஷியனோ அவர் கூட்டிவந்த ஆளோ பைப்பைப் புதைத்துவிட்டுப் போகிறார். ஏ.சி. வாங்கி மாட்ட வரும் கம்பெனி மெக்கானிக், "பைப் நாங்க போட்டதில்லைங்க, கேஸ் நிக்கலைன்னா எங்களைக் கேக்காதீங்க" என்கிறார். அவர் சொல்வதில் தப்பே இல்லை.

முதலில் ஒரு பயத்தைத் தள்ளிவைப்போம். 2022 நவம்பர் 4 அன்று, இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊரப்பாக்கத்தில், ஃபிரிட்ஜ் வெடித்து மூச்சுத்திணறி மூன்று பேர் இறந்தார்கள். அதன் பிறகு கேஸ் என்று சொன்னாலே ஜனங்களுக்கு அடிவயிறு கலங்குகிறது. ஃபிரிட்ஜில் இருப்பது கிராம் கணக்கில். ஒன்றரை டன் ஏ.சி.யில் பெரும்பாலும் முக்கால் கிலோவை ஒட்டி இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் அத்தனையும் கசிந்து பரவினாலும், இப்போதைய ஏ.சி.களில் வரும் ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கத் தேவையான செறிவில் பத்தில் ஒரு பங்குதான் வரும். தூங்கும்போது ஏ.சி. வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபத்து அதிகம் இருப்பது வேலை நடக்கும் நேரத்தில். அதற்குப் பிறகு வருவது வருஷா வருஷம் பணத்தைத் தின்னும் கசிவு. இரண்டுக்கும் விதை பூச்சுக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது.

அழுத்தத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கார் டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று. 35 டிகிரி வெயிலில் ஏ.சி. ஓடாமல் சும்மா நிற்கும்போதே, ஆர்-32 கேஸ் அந்தப் பைப்பை 300 பி.எஸ்.ஐ.யில் தள்ளிக்கொண்டிருக்கும். பழைய ஆர்-22 கேஸாக இருந்தால் 180தான். புதிய ஏ.சி. தயாரிப்பில் ஆர்-22-ஐப் பயன்படுத்துவது 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் நின்றுபோயிற்று. அதனால் "இருபது வருஷமா இப்படித்தான் போடறேன்" என்று சொல்கிறவரின் இருபது வருஷ அனுபவத்தில் பாதி வேறு கேஸைப் பற்றியது.

பைப்பின் கனத்தில்தான் முதல் ஏமாற்று. கடையில் 20 கேஜ், 22 கேஜ், 24 கேஜ் என்பார்கள். எண் கூடக்கூடத் தகடு மெலியும். 22 கேஜ் ஏறத்தாழ 0.7 மி.மீ., 24 கேஜ் 0.56 மி.மீ. ஆர்-32-க்கு 0.8 மி.மீ. கேளுங்கள். கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் தராசு பொய் சொல்லாது. அரை இஞ்சு பைப், 0.8 மி.மீ. கனத்தில் மூன்று மீட்டர் இருந்தால் 800 கிராம் வரும். 24 கேஜாக இருந்தால் 570தான். படாளத்தில் எந்த மளிகைக் கடைத் தராசிலும் போட்டுப் பார்க்கலாம். மேலே காப்பர் நிறம் பூசிய அலுமினியமும் சந்தையில் கிடைக்கிறது. அதைக் கையில் எடுத்தாலே லேசாக இருக்கும், ஆணியால் கீறினால் உள்ளே வெள்ளை தெரியும்.

அடுத்தது இணைப்பு. சுவருக்குள் போகும் பைப்பில் இணைப்பே இருக்கக் கூடாது. இன்டோர் பெட்டியிலிருந்து அவுட்டோர் வரை ஒரே துண்டு. சுருளில் அளவு பத்தவில்லை என்று நடுவில் ஃப்ளேர் நட் போட்டு முறுக்கி, அதன் மேல் கலவை அப்புவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நட் ஆறு மாதம் தாங்கும், சில சமயம் இரண்டு வருஷம். பிறகு கேஸ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சித்திரையில் டாப்-அப், வைகாசியில் மறுபடி டாப்-அப். கடைசியில் டைல்ஸை உடைப்பார்கள்.

சரி, சோதனை எப்படி? பைப்பின் ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கம் நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிவிட வேண்டும். ஏ.சி.யோடு வரும் கையேட்டில் எவ்வளவு என்று போட்டிருக்கும். ஆர்-32 பைப்புக்கு 500 பி.எஸ்.ஐ.யை ஒட்டி வைப்பது வழக்கம். ஒரேயடியாக ஏற்றாமல் படிப்படியாக ஏற்றி, நுனிகளில் உள்ள இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, ஒரு முழு நாள் விட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். மதியம் மூன்று மணிக்கு 500 வைத்துவிட்டு விடிகாலையில் பார்த்தால் 483 காட்டலாம். பத்து டிகிரி சூடு குறைந்தால் அவ்வளவு இறங்கும். அது கசிவு இல்லை. மறுநாள் அதே மூன்று மணிக்குப் பாருங்கள். முள் பழைய இடத்துக்கு வந்திருந்தால் பைப் நல்ல பைப். மோட்டார் சைக்கிள் பம்பால் காற்றடித்துக் கையால் தடவிவிட்டு "ஓகே சார்" என்பவரை வைத்துக்கொள்ள வேண்டாம்.

உஷாரிலும் உஷாராக இருக்க வேண்டிய இடம் இது: சிலிண்டர் எது என்று பாருங்கள். வெல்டிங்குக்கு வருகிறவர் கையில் ஆக்சிஜன் சிலிண்டர் எப்போதும் இருக்கும். நைட்ரஜனுக்குத் தனியாக அலைய வேண்டுமே என்று ஆக்சிஜனையே பைப்பில் ஏற்றுகிறவர்கள் உண்டு. அழுத்தமான ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் வெடிக்கும். பைப்பிலும் கம்ப்ரசரிலும் எண்ணெய் இல்லாமல் இருக்காது. இந்தியத் தர நிர்ணயப்படி ஆக்சிஜன் சிலிண்டர் கருப்பு உடம்பு. நைட்ரஜன் சாம்பல் உடம்பு, கருப்புக் கழுத்து. கருப்பு உடம்பு சிலிண்டரிலிருந்து உங்கள் பைப்புக்கு ஹோஸ் போனால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

சோதனை முடிந்ததும் இரண்டு நுனியையும் மூட வேண்டும். துணி திணித்தால் போதாது. நுனியை நசுக்கி வெல்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் மூடி போட்டு முறுக்க வேண்டும். சுவர் நனைக்க ஊற்றும் தண்ணீர் உள்ளே போகும், சிமென்ட் தூசி போகும். திறந்த கால் இஞ்சுப் பைப் என்றால் குளவிக்குக் கொண்டாட்டம், மண் கொண்டுவந்து கூடு கட்டிவிடும். பூட்டாத வீட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காப்பரை இரவோடு இரவாக வெட்டிப் பழைய இரும்புக் கடையில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது தனிக் கதை.

கிரகப்பிரவேசத்துக்கு முன் டைல்ஸுக்கு ஆசிட் வாஷ் செய்வார்களே, அந்தப் புகை காப்பரைத் தின்னும். சுவர் ஓட்டையை அடைக்கும் சிலிக்கானில் வினிகர் வாடை அடித்தால் அதுவும் அமிலமே. இந்த வினிகர் வகை ஆவியும் ஈரமும் சேர்ந்தால், வெளியே ஊசி முனை அளவு புள்ளியும் உள்ளே எறும்புப் புற்றுபோல் கிளைத்த துளைகளுமாகக் காப்பர் அரித்துப்போகும். ஆசிட் அடிக்கும் நாளில் பைப் நுனிகளைப் பாலிதீனால் சுற்றி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அங்கே அவுட்டோர் பெட்டியைக் கடலைப் பார்த்து வைக்காமல், வீட்டின் மறைவில் வையுங்கள்.

பைப்பின் மேலே போடும் கருப்பு நைட்ரைல் ரப்பர் உறையிலும் மிச்சம் பிடிக்கிறார்கள். வீட்டு ஸ்ப்ளிட்டில் பெரும்பாலும் இரண்டு பைப்பும் குளிர்ந்துதான் ஓடும். இரண்டையும் சேர்த்து ஒரே உறையில் திணித்தால், ஐப்பசி கார்த்திகையில் சுவருக்குள்ளேயே தண்ணீர் சொட்டும். பெயின்ட் உப்பி எழுந்ததும் கொத்தனாரைத் திட்டுவோம்.

முழு வீட்டுக்கும் ஒரே அவுட்டோர் வைத்து, நான்கைந்து அறைக்குக் கிளை பிரிக்கும் மினி வி.ஆர்.எஃப். இப்போது இந்தப் பக்கமும் வந்துவிட்டது. அதில் கணக்கே வேறு. பைப் நீளத்துக்குத் தக்கபடி கேஸ் பல கிலோ. எந்த அறையில் கசிந்தாலும் மொத்த வீட்டுக் கேஸும் அந்த ஓர் அறைக்குள் இறங்கலாம். இவற்றில் வழக்கமாக வரும் ஆர்-410ஏ கேஸ் தீப்பிடிக்காது, ஆனால் காற்றைத் தள்ளிவிட்டுத் தரையோடு படியும். ஒரு கன மீட்டர் அறைக்கு 0.4 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான வரம்பு. உங்கள் வீட்டில் மிகச் சின்ன அறை எது, மொத்தக் கேஸ் எத்தனை கிலோ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பாய் போட்டுத் தரையில் படுக்கும் வீடு என்றால் இன்னும் கட்டாயம்.

ஏ.சி. மாட்டும் நாளில் இரண்டு விஷயம். வேக்யூம் பம்ப் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொஞ்சம் கேஸை விட்டு உள்ளே இருக்கும் காற்றைத் துரத்துவது பழைய பழக்கம். ஆர்-32-ல் அது கூடவே கூடாது. பம்பைப் போட்டு, மைக்ரான் மீட்டரில் 500-க்குக் கீழே இறங்கி நின்ற பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். இன்னொன்று, கேஸ் இருக்கும் பைப்பில் நெருப்பு வைக்க விடாதீர்கள். ஆர்-32 சுடரில் பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற நச்சு உண்டாகும், அது நுரையீரலை எரிக்கும். பின்னாளில் வீடு மாற்றி ஏ.சி.யைக் கழற்றும்போது கேஸை அவுட்டோரில் இழுத்து அடைப்பார்கள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நட்டைத் தளர்த்தினால் காற்று உள்ளே போய் எண்ணெயோடு அழுந்தி வெடிக்கும். மெக்கானிக் உயிர் போவது அப்படித்தான். முதலில் ஏ.சி. நிற்க வேண்டும், பிறகுதான் ஸ்பேனர்.

பூசுவதற்கு முன், பைப் போகும் வழியெங்கும் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து போனில் படம் எடுத்து வையுங்கள். கேஜ் முள், தேதி, நேரம் தெரிகிற மாதிரி இரண்டு நாளும் எடுத்த படம் அதோடு இருக்கட்டும். கர்ட்டன் ராடுக்கு ஓட்டை போட வரும் ஆளிடம் அந்தப் படத்தைக் காட்டிவிட்டுத்தான் டிரில்லிங் மெஷினைக் கையில் கொடுக்க வேண்டும்.