வாஜிமாவின் மரக்கிண்ணங்கள்

பால்மரம் சீவும் தோட்ட மக்களுக்கு ஜப்பானின் உருஷி மரத்தை நாம் மிகுதியாக விளக்க வேண்டியதில்லை. அதன் பட்டையையும் கீறியே பால் எடுக்கின்றனர்; மரம் ஒன்று தருவது ஏறத்தாழ 200 கிராமே. அப்பாலை மரக்கிண்ணங்களுக்குப் பூசிப் புகழ்பெற்ற ஊர் வாஜிமா.

2024 ஜனவரி 1ஆம் நாள் நிலநடுக்கம் அங்குப் பட்டறைகள் பலவற்றை இடித்தது. தீ காலைச் சந்தைத் தெருவை எரித்தது. மரம் கடைபவர், பூசுபவர், மெருகிடுபவர் என நூற்றுக்கு மேற்பட்ட படிகளில் கைமாறி முடிவது ஒரு கிண்ணம். ஒருவர் பிழைப்புத் தேடி ஊரைவிட்டு அகன்றால் ஏனையோர் கைகளும் ஓய்ந்துவிடும். நன்கொடை பசியாற்றும், இத்தொழிலைக் காப்பது விற்பனையே என்பது நம் கருத்து.

அவ்வாண்டு மார்ச்சிலேயே சந்தைக்காரர்கள் கனாசாவா நகரில் கடை விரித்தனர். கருவாட்டுக்கு நடுவே கிண்ணங்களும் இருந்தன. விலை மலிவன்று, ஆயினும் பூச்சுத் தேய்ந்தால் மீண்டும் பூசிக்கொள்ளலாம். செப்டம்பரில் வெள்ளமும் வாஜிமாவைத் தாக்கியது. சந்தையோ பிற ஊர்களுக்கும் பயணமாயிற்று.