குதிரைகளுக்குக் காணும் தொத்துச் சளி ஜுரம்

குதிரை, மட்டக்குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றைப் பீடிக்கும் தொத்து வியாதிகளுள் அதிவிரைவிற் பரவுவது இன்புளுயன்ஸா எனப்படும் சளி ஜுரமாகும். இதற்குக் காரணம் ஒருவகை வைரஸ் கிருமி. கிருமி உட்புகுந்த ஒன்று முதல் மூன்று தினங்களுக்குள் ஜுரம் 106 டிகிரி பாரன்ஹீட் வரை ஏறும். வறட்டிருமல் உண்டாகும். மூக்கில் நீர் வடிந்து, பின்பு சளியாகத் தடிக்கும். தீனி செல்லாது.

இருமும்போது தெறிக்கும் துளிகள் காற்றில் 30 கெஜத்துக்கு அப்பாலும் செல்லும். தண்ணீர்த் தொட்டி, சேணம், கயிறு, பராமரிப்பவரின் கை, உடை ஆகியவற்றாலும் நோய் தொத்தும். ஆதலின் குதிரை போகாத இடத்திற்கும் மனிதன் இதனைக் கொண்டு செல்லக்கூடும்.

இதற்கு ஆஸ்திரேலியாவின் அனுபவமே சான்று. முன்பு இந்நோயையே அறியாத அந்நாட்டில், 2007 ஆகஸ்டில் வெளிநாட்டுக் குதிரைகளைத் தனித்து வைத்திருந்த நிலையத்திலிருந்து கிருமி வெளியேறிற்று. சரிவரச் சுத்தம் செய்துகொள்ளாத ஆட்களோ கருவிகளோ அதனை வெளிக்கொணர்ந்திருக்கலாமென்று விசாரணையில் முடிவாயிற்று. ஏறக்குறைய 10,000 இடங்களில் 70,000-க்கு மேற்பட்ட குதிரைகள் நோயுற்றன. குதிரைப் போக்குவரத்தை நிறுத்தியும், தடுப்பூசி போட்டும், அவ்வாண்டு முடிவதற்குள் நோயை ஒழித்தனர். நம் நாட்டிலும் 1987-இல் இந்நோய் கண்டது. 2008-இல் ஜம்முவைச் சேர்ந்த கட்ராவில் மீண்டும் தோன்றிப் பல மாநிலங்களுக்குப் பரவிற்று.

கவனிக்க வேண்டியவை:

1. இருமும் பிராணியை உடனே பிரித்துத் தனி லாயத்தில் கட்டுக. அதற்குத் தனி ஆளும் தனிப் பாத்திரங்களும் வேண்டும்.

2. கைகளையும் கருவிகளையும் சோப்பு நீரால் கழுவுக. இக்கிருமி சோப்பினால் எளிதில் அழியும்.

3. ஜுரம் கண்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வளிக்க வேண்டும். எவ்வாறாயினும் மூன்று வாரத்துக்குக் குறையலாகாது. கூலி போகிறதேயென்று வண்டியிற் பூட்டினால், நுரையீரலில் வேக்காடு கண்டு பிராணியையே இழக்க நேரும்.

4. புதிதாக வாங்கிய குதிரையை மூன்று வாரம் மற்றவற்றுடன் சேர்க்கலாகாது. தடுப்பூசி போட்ட குதிரையும், நோய்க்குறி தோன்றாமலே கிருமியைப் பரப்பக்கூடும்.

பிராணிகளின் தொத்து வியாதிகளைப் பற்றிய 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடையவர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துப் பொறுப்பாளருக்கோ நோயை அறிவிக்கக் கடமைப்பட்டவர். அறிவிப்புப் பெற்றவர் அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு அன்றே எழுத்து மூலம் தெரிவிப்பது நலம். சந்தைக்கு முதல்நாள் வரும் அறிவிப்பு ஒரு லாயத்தோடு நோயை நிறுத்தும். மறுநாள் வரும் அறிவிப்புக்குள் அது பல ஊர்களை எட்டியிருக்கும்.