பக்கத்தில் இருந்தவர் யார்?

செய்தியும் நம்பிக்கையும் – 9

2023 மார்ச் முதல் வாரத்தில், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்த பிகார் இளைஞர்களுக்கு ஊரிலிருந்து போன் மேல் போன் வந்தது. 'அங்கே நம்ம ஆட்களை வெட்டுகிறார்களாமே, உடனே கிளம்பி வந்துவிடு' என்று வீட்டார் கெஞ்சினார்கள். வெட்டு நடப்பதாகச் சொல்லப்பட்ட ஊரில்தான் அந்த இளைஞர்கள் இருந்தார்கள். ஷிஃப்டுக்குப் போனார்கள், கடையில் டீ குடித்தார்கள், அறைக்குத் திரும்பித் தூங்கினார்கள். அவர்கள் கண்ணில் படாத கொலைகள், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அப்பா அம்மாவின் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்தன.

பொய்ச் செய்தி ஏன் அவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். செய்தியைச் சொல்பவரை எப்படி எடைபோடுவது என்பது இந்த வாரக் கேள்வி. அதற்கு இந்த மார்ச் மாதச் சம்பவத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அதில் எல்லா வகையினரும் பேசினார்கள். யார் எடுத்தது என்றே தெரியாத வாட்ஸ்அப் வீடியோ, யூடியூபர், கட்சிப் பிரமுகர், நாட்டின் மிகப் பெரிய இந்தி நாளிதழ்களில் ஒன்று, கடைசியில் இரண்டு மாநில அரசுகள்.

மார்ச் 2-ஆம் தேதி பிகார் சட்டமன்றத்தில் இந்த விவகாரம் வெடித்தது. முதல்வர் நிதிஷ் குமார், தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதை நாளிதழ்கள் மூலம் அறிந்ததாக ட்விட்டரில் எழுதினார். இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு மாநிலத்தின் முதல்வருக்கே தகவல் நாளிதழ் வழியாகத்தான் போயிருக்கிறது. அந்த நாளிதழ்களுக்கு எங்கிருந்து போனது? வீடியோக்களிலிருந்து. அந்த வீடியோக்களுக்கு என்ன ஆதாரம்? அங்கேதான் கயிறு அறுந்து கிடந்தது.

தமிழ்நாட்டு டிஜிபி சைலேந்திரபாபு உடனே மறுப்பு வெளியிட்டார். பரவிய இரண்டு வீடியோக்களில் ஒன்று, திருப்பூரில் பிகார் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது. மற்றது கோவையில் உள்ளூர் ஆட்களுக்குள் நடந்த மோதல். அதற்குப் பிறகும் புதுப்புது வீடியோக்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் வெட்டிக் கொல்லப்பட்ட காட்சி என்பதை ஆல்ட் நியூஸ் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் கண்டுபிடித்துச் சொல்லின. உத்தரப் பிரதேச பாஜக செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவ், இந்தி பேசியதற்காக 12 பிகார் தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டதாக ட்வீட் போட்டார். பின்னர் அதை நீக்கினார். அதற்காக மன்னிப்புக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். இந்தப் பொய்ச் செய்தியை வெளியிட்டதற்காக, தைனிக் பாஸ்கர் நாளிதழின் ஆசிரியர் மீது தமிழ்நாட்டில் வழக்குப் பதிவானது.

இவற்றில் என்னை மிகவும் உலுக்கியது மார்ச் 8-ஆம் தேதி, ஹோலி அன்று ஏற்றப்பட்ட ஒரு வீடியோ. உடம்பில் காயக்கட்டுகளுடன் இரண்டு பேர், தமிழ்நாட்டில் அடிபட்டு வந்ததாகச் சொல்கிறார்கள். மைக் நீட்டப்படுகிறது, கேள்வி கேட்கப்படுகிறது, பதில் வருகிறது. பார்ப்பவருக்கு அது நேரடிப் பேட்டி. அந்த வீடியோ பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடிக்க வைத்து எடுக்கப்பட்டது என்று பிகார் காவல்துறையின் விசாரணை சொன்னது. 'கண்ணால் பார்த்தேன், அவரே சொன்னார்' என்று நாம் வாதாடும் பல வீடியோக்களுக்குப் பின்னால் இப்படி ஒரு வாடகை வீடு இருக்கலாம்.

இனி, பாட்னாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண வாசகரின் இடத்திலிருந்து யோசிப்போம். அவருக்குத் தமிழ் தெரியாது, திருப்பூரைப் பார்த்ததும் இல்லை. அவர் கையில் இருப்பது அவர் ஊரின் பெரிய பத்திரிகை. அதை நம்பியதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று இருந்தது. சம்பவம் நடந்த ஊரில் இருக்கும் பத்திரிகைக்காரர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள்?

நம் ஊர் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். செயின் பறிப்பு, பைக் மோதல், குடிபோதையில் தகராறு, எல்லாம் ஸ்டேஷன் பெயரோடு வரும். தாலுகா நிருபர் காலையில் எழுந்ததும் ஸ்டேஷனுக்கும் அரசு மருத்துவமனைக்கும் போன் போட்டுவிடுவார். கொலை என்றால் முதல் தகவல் அறிக்கை இருக்கும், பிரேதப் பரிசோதனை இருக்கும், ஆஸ்பத்திரி வாசலில் அழுகிற உறவினர் இருப்பார். பன்னிரண்டு பேர் தூக்கிலிடப்பட்டு, அது கோவை, திருப்பூர் பதிப்புகள் எதிலும் ஒரு வரிகூட வரவில்லை என்றால், அந்த மௌனமே பெரிய சாட்சி. அத்தனை போட்டிப் பத்திரிகைகளும் சேனல்களும் கூட்டாகச் சேர்ந்து மறைத்துவிட்டன என்று நம்புவதற்கு, அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதே தெரியாமல் இருக்க வேண்டும்.

மணிப்பூரிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ ஒரு செய்தி நமக்கு வரும்போது, நாம்தான் பாட்னாவில் இருக்கிறோம். அந்த ஊரின் பத்திரிகை என்ன சொல்கிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? மொழி தெரியாது என்பது இப்போது பெரிய தடையே இல்லை. கைபேசியிலேயே மொழிபெயர்ப்பு கிடைக்கிறது, பல ஊர்களில் ஆங்கிலப் பத்திரிகையும் இருக்கிறது.

பத்துத் தளங்களில் ஒரே செய்தி வந்திருப்பதைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. படித்துப் பார்த்தால் வாக்கியம்கூட மாறியிருக்காது. எல்லாம் ஒரே ஏஜென்சி அனுப்பியதாக இருக்கும், அல்லது ஒருவர் எழுதியதை மற்ற ஒன்பது பேர் எடுத்துப் போட்டிருப்பார்கள். அதைப் பத்து சாட்சி என்று எண்ணக் கூடாது, ஒன்றுதான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் கண் திறப்பது. வரலாற்றறிஞர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் இணையதளங்களைக் காட்டி, எதை நம்பலாம் என்று கேட்டார்கள். குழந்தை மருத்துவர்களுக்கான இரண்டு அமைப்புகளின் பக்கங்கள் அவற்றில் இருந்தன. ஒன்று 1930-ல் தொடங்கிய, அறுபதாயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள் கொண்ட அமைப்பு. மற்றது, அதிலிருந்து கொள்கை வேறுபாட்டால் 2002-ல் பிரிந்த சிறு குழு. பெயரும் தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். மாணவர்களும், படிப்பையே தொழிலாகக் கொண்ட வரலாற்றறிஞர்களில் பலரும், பக்கத்தை மேலிருந்து கீழாக உன்னிப்பாகப் படித்தார்கள். லோகோ, அடிக்குறிப்பு, நடை எல்லாவற்றையும் பார்த்துத் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்களோ அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. வெளியே வந்து, 'இவர்கள் யார், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்' என்று தேடினார்கள். குறைவாகப் படித்தார்கள், வேகமாகச் சரியான முடிவுக்கு வந்தார்கள்.

பக்கத்தின் அழகைப் பார்த்து எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022-ல் ஐரோப்பாவில் ஒரு சாட்சி கிடைத்தது. கார்டியன், பில்ட், ஸ்பீகல் ஆகிய பத்திரிகைகளின் இணையதளங்களை அச்சு அசலாக நகலெடுத்து, முகவரியின் வாலை மட்டும் மாற்றி, ரஷ்யாவுக்குச் சாதகமான பொய்களைப் பரப்பியிருந்தார்கள். நம் ஊரில் இவ்வளவு மெனக்கெடல்கூடத் தேவைப்படுவதில்லை. ஒரு சேனலின் லோகோவையும் நிறத்தையும் போட்டு, தலைவர் சொல்லாததைச் சொன்னதாக ஒரு நியூஸ் கார்டு செய்துவிட்டால் போதும். தேர்தல் நேரத்தில் மழைபோல் கொட்டும். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய், கார்டில் உள்ள தேதியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகும். வீடியோ என்றால், ஒரு காட்சியை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், அது முன்பு எங்கே, எப்போது வந்தது என்று பல சமயம் தெரிந்துவிடும்.

நல்ல பெயர் வாங்கிய பத்திரிகை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? ஜெர்மனியின் ஸ்பீகல் வார இதழில் தகவல் சரிபார்ப்பதற்கென்றே பெரிய துறை உண்டு. அங்கேயே கிளாஸ் ரெலோஷியஸ் என்ற பரிசு பெற்ற நிருபர், ஆட்களையும் பேச்சுகளையும் கற்பனையாக எழுதி வந்தார். அவருடன் ஒரு கட்டுரையில் சேர்ந்து எழுதிய ஹுவான் மொரேனோவுக்குச் சந்தேகம் வந்தது. அமெரிக்காவின் அரிசோனாவுக்கே போய், ரெலோஷியஸ் சந்தித்ததாக எழுதியவர்களிடம் அவரது படத்தைக் காட்டிக் கேட்டார். அப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை என்றார்கள். 2018 டிசம்பரில் இந்த மோசடியை ஸ்பீகலே வெளியிட்டது. பத்திரிகையின் மதிப்பை நான் அங்கேதான் பார்க்கிறேன். தவறு வெளிப்பட்டதும் என்ன செய்கிறார்கள்? செய்தியை ஓசைப்படாமல் நீக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகிறார்களா, எங்கே தவறினோம் என்று வாசகரிடம் சொல்கிறார்களா? 'தி இந்து' ஆங்கில நாளிதழ் 2006-லேயே வாசகர் ஆசிரியர் என்று தனியாக ஒருவரை நியமித்து, திருத்தங்களைத் தொடர்ந்து வெளியிட்டது. திருத்தமே போடாத தளத்தை நான் நம்புவதில்லை. தவறே செய்யாத பத்திரிகை உலகில் இல்லை.

அரசின் மறுப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். மார்ச் 2023-ல் டிஜிபி சொன்னது சரியாக இருந்தது. அதை நான் ஏற்பதற்குக் காரணம் அவர் டிஜிபி என்பதல்ல. வீடியோக்கள் எங்கே, எப்போது எடுக்கப்பட்டவை என்பதை அரசுக்குச் சம்பந்தமில்லாதவர்கள் தனியாகத் தேடிக் கண்டார்கள். பிகார் அரசு, ஐஏஎஸ் அதிகாரி பாலமுருகன் தலைமையில் அனுப்பிய நான்கு பேர் குழு, திருப்பூருக்கும் கோவைக்கும் போய்த் தொழிலாளர்களிடமே பேசியது. அரசைப் பற்றிய செய்தியில் அரசும் ஒரு கட்சிக்காரர். தன்னைப் பற்றிய செய்தி பொய்யா என்பதை மத்திய அரசின் பிரிவே முடிவு செய்ய வழிவகுத்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நியாயமான தீர்ப்பு.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். நீங்கள் அனுப்பிய ஒரு செய்தி பொய் என்று தெரிந்தால், எந்தக் குழுவில் அனுப்பினீர்களோ அதே குழுவில் 'அது தவறு' என்று எழுதுங்கள். அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டாவது, உங்கள் மாவட்டத்தில் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நேரில் போய் எழுதும் நிருபரை வைத்திருக்கிற பத்திரிகை எது என்று பாருங்கள். அதற்குச் சந்தா கட்டுங்கள். அந்த நிருபருக்குச் சம்பளம் நின்றுபோனால், நாளைக்கு நம் ஊரைப் பற்றி வேறு யாரோ கிளப்பும் புரளியை மறுத்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார்.

(தொடரும்)