கடைசி ஆளே இல்லாத ஓட்டம்!

குட்டீஸ்... ஓட்டப் போட்டி என்றதும், 'கடைசியா வந்தா கேலி பண்ணுவாங்களே'ன்னு ஒதுங்கி நிற்பவரா நீங்கள்? இதைப் படியுங்கள்!

லண்டனில் உள்ள புஷி பூங்காவில், 2004, அக்டோபர் 2ல், 13 பேர் 5 கி.மீ., ஓடினர். ஏற்பாடு செய்தவர், பால் சின்டன் ஹெவிட். காயம்பட்டிருந்ததால், அவரால் ஓட முடியவில்லை. நண்பர்களை ஓட வைத்தார். 'பார்க்ரன்' என்ற அந்த ஓட்டம், இன்று பல நாடுகளில், சனிக்கிழமைதோறும் நடக்கிறது. கட்டணம் கிடையாது.

பிரிட்டனில், 4 முதல் 14 வயது வரையுள்ள குட்டீசுக்கு, ஞாயிறன்று 2 கி.மீ., ஓட்டம் உண்டு. மூச்சு வாங்கினால் நடக்கலாம். எல்லாருக்கும் பின்னால், தன்னார்வலர் ஒருவர் நடந்து வருவார். கடைசியாக எல்லைக் கோட்டைத் தொடுவது, எப்போதும் அவர்தான்!

அடுத்த முறை உங்கள் தெருவில் ஓட்டம் வைத்தால், பின்தங்கும் நண்பனுக்குத் துணையாக நீங்கள் கடைசியில் வருவீர்களா?