நாமும் நாங்களும்

முதல் வகுப்புக்கு முன்னால் – 9

எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பறைச் சுவரில் காய்கறிப் படத்துக்கும் விலங்குப் படத்துக்கும் பக்கத்தில் ஒரு சார்ட் தொங்கும். தலைப்பு, 'நமக்கு உதவுபவர்கள்'. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு டாக்டர், லத்தியோடு போலீஸ்காரர், தோள்பையோடு தபால்காரர், ஏர் பிடித்த விவசாயி, துடைப்பத்தோடு தூய்மைப் பணியாளர். டீச்சர் குச்சியால் ஒவ்வொரு படமாகத் தொட, பிள்ளைகள் ஒரே குரலில் பெயர் சொல்வார்கள். மழலையர் வகுப்பில் சமூக அறிவியல் என்று நடப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். அந்தப் பெயர்கூட அங்கே கிடையாது. நமது பாடநூல்களில் முதல் இரண்டு வகுப்புக்கும் சூழ்நிலையியல், மூன்றாம் வகுப்பில்தான் சமூக அறிவியல். ஆனால் பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்தப் பாடம் மூன்று, நான்கு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அதைத் தவறான இடத்திலிருந்து தொடங்குகிறோம் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது.

சார்ட்டின் முதல் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', அவரை வெளியே நிறுத்தினால் 'நாங்கள்' என்று தன்மைப் பன்மையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் மொழி தமிழ். 'நமக்கு உதவுபவர்கள்' என்றால் வகுப்பில் இருக்கும் எல்லோரும் அந்த 'நமக்கு'வுக்குள் வர வேண்டும். துடைப்பம் பிடித்தவருடைய மகள் அதே வகுப்பில் இருக்கிறாள் என்று வையுங்கள். அவள் உதவி பெறுகிறவர்கள் பக்கமா, உதவுகிறவர்கள் பக்கமா? படத்தில் இருப்பவர் செய்கிறவர், படத்தைப் பார்ப்பவர் பெறுகிறவர் என்று சார்ட் கோடு போட்டுவிட்டது. எழுத்தில் 'நமக்கு', பொருளில் 'எங்களுக்கு'. 'உதவி' என்ற சொல்லிலும் ஒரு மறைப்பு இருக்கிறது. தபால்காரர் செய்வது வேலை. அதற்குச் சம்பளம் உண்டு, வேலை நேரம் உண்டு, வெயிலும் மழையும் உண்டு. அதை உதவி என்று சொன்னதும் கூலி, களைப்பு, ஒருவரை ஒருவர் சார்ந்திருப்பது எல்லாம் படத்திலிருந்து அழிந்துவிடுகின்றன. காலையில் எழுந்து பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டிய அம்மாவை இந்தச் சார்ட்டில் எந்தக் கட்டத்திலும் பார்த்த நினைவு எனக்கு இல்லை.

ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சமூகம் என்பது தொழில்களின் பட்டியல் அல்ல. யார் உள்ளே, யார் வெளியே, யாருக்கு எவ்வளவு என்ற கேள்விகள்தான் அந்த வயதின் சமூகம். இடைவேளையில் காதைக் கொடுத்தால் போதும். 'உன்கூட காய்', 'சரி, பழம்', 'நாங்க உன்னச் சேத்துக்க மாட்டோம்'. அந்த 'நாங்க' எவ்வளவு துல்லியமாக விழுகிறது பாருங்கள். இலக்கணம் படிக்காத பிள்ளை, கேட்பவரை விலக்கும் பன்மையைத் தப்பில்லாமல் எடுத்து வீசுகிறது. 'ஒப்புக்குச் சப்பாணி' என்ற ஏற்பாட்டையும் நினைத்துப் பாருங்கள். சின்னவன் ஒருவன் ஆட்டத்துக்கு வருகிறான். விரட்டினால் அழுவான், சேர்த்தால் ஆட்டம் கெடும். அதனால் ஓடலாம், ஆனால் பிடிபட்டாலும் அவுட் இல்லை என்று ஒரு இடைநிலையைப் பிள்ளைகளே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பான், கணக்கில் இருக்க மாட்டான். அந்தப் பெயரில் மாற்றுத்திறனாளியைத் தாழ்த்தும் சொல் ஒட்டிக்கொண்டிருப்பதும் தற்செயல் அல்ல. குடியுரிமை, பிரதிநிதித்துவம் என்று பின்னால் பத்தாம் வகுப்பில் படிக்கப்போகும் விஷயம் முழுவதும் இந்த ஆட்டத்துக்குள் கருவாக இருக்கிறது. இதைப் பாடமாக எடுக்காமல் சார்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த வயதில் பிள்ளைகள் வெள்ளைத்தாள் என்று நம்புகிறவர்களுக்குச் சில ஆய்வுகளை நினைவுபடுத்த வேண்டும். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி, மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டினார்கள். எதோடு விளையாட விரும்புகிறாய் என்று கேட்டபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்தார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆய்வும் அதில் சுட்டப்பட்டது. 2007ல் கேதரின் கின்ஸ்லரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகள் தங்களைப் போலவே உச்சரிக்கும் பிள்ளையைத்தான் நண்பராகத் தேர்ந்தார்கள். மூன்றாவது ஆய்வு நம்மை இன்னும் நெருங்கி வருகிறது. 2015ல் வெளியான அந்த ஆய்வு இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு மிட்டாய் பிரித்து வைத்து, அந்தப் பங்கீட்டை ஏற்கவோ நிராகரிக்கவோ ஒரு பிள்ளைக்கு உரிமை கொடுத்தார்கள். எதிரே இருப்பவருக்கு அதிகம், தனக்குக் குறைவு என்றால் ஏழு நாட்டுப் பிள்ளைகளும் ஏதோ ஒரு வயதில் மறுக்கத் தொடங்கினார்கள். தனக்கு அதிகம், எதிரே இருப்பவருக்குக் குறைவு என்றபோதும் மறுத்தவர்கள் மூன்று நாட்டுப் பிள்ளைகள் மட்டுமே. அதுவும் வயது கூடிய பிறகு. அமெரிக்கா, கனடா, உகாண்டா. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஒரு சோதனையை வைத்து ஒரு நாட்டையே எடைபோடக் கூடாது. ஆனாலும் ஒன்றை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அநியாயம் நடக்கிறது என்ற உணர்வு எங்கும் முளைக்கிறது. என்னால் இன்னொருவருக்கு அநியாயம் நடக்கிறது என்ற உணர்வு எல்லா மண்ணிலும் ஒரே மாதிரி வருவதில்லை. அப்படியானால் அதற்கு வளர்ப்பு வேண்டும், வளர்ப்புக்கு வகுப்பறையும் வேண்டும்.

இங்கே குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயைக் கொண்டுவந்து மறுப்பவர்கள் உண்டு: இந்த வயதில் இதெல்லாம் புரியாது. பியாஜே சொன்னதையே பார்ப்போம். ஜெனீவாவில் அவரும் ஆன்-மாரி வைல் என்பவரும் செய்து 1951ல் வெளியிட்ட ஆய்வில், சிறு பிள்ளைகளால் ஒரே நேரத்தில் ஜெனீவாக்காரராகவும் ஸ்விட்சர்லாந்துக்காரராகவும் இருக்க முடியும் என்பதை ஏற்க முடியவில்லை. ஊர் நாட்டுக்குள் அடங்கும் என்ற கணக்கு அவர்களுக்குப் பிடிபடவில்லை. இதிலிருந்து கிடைப்பது ஒரு நல்ல எச்சரிக்கை. 'என் மாவட்டம், என் மாநிலம், என் நாடு, தலைநகரம் புதுடெல்லி' என்று யு.கே.ஜி. பிள்ளையை ஒப்பிக்க வைப்பதில் பயன் இல்லை, அதை விட்டுவிடலாம். ஆனால் புரியாமல் போனது நாடு என்ற பெரிய பெட்டி. பக்கத்தில் இருப்பவனுக்கு ஏன் கிரையான் கிடைக்கவில்லை என்பது பெட்டிக்குள் பெட்டி அல்ல, கண்முன் நடப்பது.

அப்படியானால் எதை, எப்படி எடுப்பது? நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு வழி நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. கரோலின் பிராட் 1914ல் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அங்கே சமூகப் பாடத்துக்கு அவர் கொடுத்த கருவி மரக்கட்டைகள். ஒரு கட்டையைப் போல இரு மடங்கு நீளம், நான்கு மடங்கு நீளம் என்று அளவெடுத்துச் செய்தவை. பிள்ளைகள் ஆற்றங்கரைக்குப் போய்க் கப்பல்களையும் துறையையும் பார்த்து வருவார்கள். திரும்பி வந்து கட்டைகளால் துறையைக் கட்டுவார்கள். கட்டும்போதுதான் தெரியாதது தெரியவரும். அவரோடு சேர்ந்து பணியாற்றிய லூசி ஸ்ப்ரேக் மிட்செல் இந்த முறைக்குக் கோட்பாடு எழுதினார்; 1916ல் அவர் தொடங்கிய அமைப்புதான் பின்னால் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியாக வளர்ந்தது. இதை நம் ஊருக்குக் கொண்டுவர மரக்கட்டையே வேண்டியதில்லை, சோப்பு டப்பாவும் தீப்பெட்டியும் போதும். தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது? பிள்ளைகளை டேங்க் வரைக்கும் அழைத்துப் போகலாம். மோட்டார் போடும் டேங்க் ஆபரேட்டரிடம் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், கரண்ட் போனால் என்ன செய்வார் என்று கேட்க வைக்கலாம். திரும்பி வந்து டப்பாக்களை வீடுகளாக அடுக்கி, டேங்கிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் நீல நூலை இழுக்கச் சொன்னால் நூல் கடைசி வீட்டுக்கு எட்டாது. 'அவங்களுக்கு?' என்று ஒரு பிள்ளை கேட்கும். குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிற தெருவிலிருந்து வந்த பிள்ளை அதற்குப் பதில் சொல்லும். அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் வகுப்புக்கு ஆசிரியர். சென்னைக்கு வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் தண்ணீர் வருகிறது என்ற தகவல் ஐந்தாம் வகுப்புக்குக் காத்திருக்கலாம். நூல் எட்டாத வீடு காத்திருக்கக் கூடாது.

அக்கம்பக்கத்தைப் பாடமாக்குவதையே எதிர்த்தவர் கல்வி வரலாற்றாளர் டயான் ராவிச். கடை, தபால் நிலையம், தீயணைப்பு நிலையம் என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொல்லிச் சலிப்பூட்டுகிறோம், அந்த இடத்தில் இருந்த புராணங்களையும் வீரர் கதைகளையும் வரலாற்றையும் துரத்திவிட்டோம் என்று 1987ல் எழுதினார். இந்தக் குற்றச்சாட்டில் பாதி முழு உண்மை. நம் சார்ட்டே அதற்குச் சாட்சி. தெரிந்ததன் பெயரைச் சொல்ல வைப்பது பாடம் ஆகாது. தெரிந்ததன் பின்னால் இருக்கும் தெரியாததைத் தேட வைப்பதே பாடம். மறுபாதியை என்னால் ஏற்க முடியவில்லை. கதையும் அக்கம்பக்கமும் எதிரிகள் என்று யார் சொன்னது? சிகாகோவில் மழலையர் ஆசிரியையாக இருந்த விவியன் பேலி, 'விளையாட்டில் சேர்க்க மாட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது' என்ற விதியைத் தன் வகுப்பில் கொண்டுவந்தார். 1992ல் அதைப் புத்தகமாக எழுதினார். விதியைச் சுவரில் எழுதிப் போட்டு முடித்துக்கொள்ளவில்லை. தன் வகுப்போடு நிற்காமல், பெரிய வகுப்புகளுக்கும் போய் இது நியாயமா, நடக்குமா என்று விவாதித்தார். கூடவே, மேக்பை என்ற பறவையின் கதையைத் தானே புனைந்து தொடர்ச்சியாகச் சொன்னார். தனிமையையும் சேர்ப்பையும் பற்றிப் பிள்ளைகள் யோசிக்க அந்தக் கதை இடம் கொடுத்தது. பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லி முடித்துவிட்டு, காக்கா கேட்டிருந்தால் பாட்டி கொடுத்திருப்பாளா என்று கேட்டுப் பாருங்கள். சமூக அறிவியல் அங்கே தொடங்கிவிடும்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கள்ளம் இல்லாத பிள்ளைகளிடம் இதைப் பேசினால் சாதியை நாமே ஊட்டுவதாகாதா? இந்தப் பயத்தில் நல்லெண்ணம் இருப்பதை நான் மதிக்கிறேன். ஆனால் சத்துணவைச் சமைப்பது யார் என்று பார்த்து, பிள்ளையைச் சாப்பிடாதே என்று பெற்றோர் தடுத்த செய்திகள் இந்தத் தமிழ்நாட்டில்தான் வந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைக்குப் பாடம் வீட்டிலேயே முடிந்துவிட்டது. நாம் மௌனமாக இருந்தால் பிள்ளை கள்ளமில்லாமல் இருக்காது, கேட்ட ஒரே பாடத்தோடு வளரும். இதற்கு மழலையர் வகுப்பில் சாதியின் பெயரை உச்சரிக்க வேண்டிய தேவையே இல்லை. தட்டை யார் எடுத்து வைக்கிறார், தரையை யார் பெருக்குகிறார், வரிசையில் யார் முன்னால், யார் யார் பக்கத்தில் உட்காருகிறார் என்பவை சுழற்சியாக மாற வேண்டும். மாறுவதற்கான காரணத்தைப் பிள்ளைகளே பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். 1982ல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோதே இரண்டு வயது முதலான பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒன்றாக உட்கார்ந்து ஒரே சோறு தின்பது என்ற பாடத்துக்கு இங்கே நாற்பது ஆண்டுக்கு மேலான அனுபவம் இருக்கிறது. அதைப் பசியாற்றும் திட்டமாக மட்டும் பார்த்து, கற்பிக்கும் நேரமாகப் பார்க்காமல் விட்டது நம் இழப்பு.

எழுத்துக்கும் எண்ணுக்கும் நேரம் போதவில்லை என்று பெற்றோர் சொல்வார்கள். டப்பா வீட்டுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதும் எத்தனை குடம் என்று எண்ணுவதும் அந்த நேரத்துக்குள்தான் வரும், அதனால் இதை நான் பெரிய தடையாகக் கருதவில்லை. பெரிய தடை வேறு. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்களில், பெரும்பாலானவற்றுக்கு ஒரு பணியாளரும் ஒரு உதவியாளரும்தான். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகள் விவரம் சேர்ப்பது, எல்லாவற்றையும் செல்போனில் ஏற்றுவது என்று அவர்களது நாள் போய்விடுகிறது. அவர்கள்மீது இன்னொரு பாடவேளையைச் சுமத்தச் சொல்லவில்லை. அவர்கள் தினமும் எடுக்கும் வருகைப் பதிவிலிருந்தே தொடங்கலாம். பெயர் கூப்பிட்டு 'உள்ளேன் டீச்சர்' வாங்குவதற்குப் பதிலாக, இன்றைக்கு யார் வரவில்லை என்று பிள்ளைகளைக் கேட்கலாம். ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், எண்ணுவார்கள், பெயர் சொல்வார்கள். ஏன் வரவில்லை என்று அடுத்துக் கேட்டால் காய்ச்சல், ஊருக்குப் போயிருக்கிறாள், அவங்க அப்பாவுக்கு வேலை மாறிவிட்டது என்று பதில்கள் வரும். அவளுடைய தட்டை எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்று கடைசியாகக் கேட்க வேண்டும். முடிவைப் பிள்ளைகளிடம் விட்டுவிட வேண்டும்.

(தொடரும்)