வரப்பு எலியும் கூட்டு முயற்சியும்

தவணை தவறிய பயிர்க் கடன்களுக்குக் காரணம் விசாரிக்கையில், "எலி விழுந்துவிட்டது" என்னும் விடையை நாம் அடிக்கடி கேட்கின்றோம். கடன் பத்திரத்திலோ எலிக்கென்று தள்ளுபடி ஏதும் இல்லை. இந்நஷ்டத்தை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் தனி விதி என்றே எண்ணுகின்றனர். ஆனால் எலி பட்டா எல்லை அறியாது. வரப்பு இரு வயல்களுக்கும் பொது. அதிலுள்ள வளையும் பொதுவே.

காவிரிப் பாசன வயல்களில் கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி ஆகியவை காணப்படும். இவற்றுள் பெருங்கேடு செய்வது கரம்பை எலி. வளையின் வாயில் புது மண்ணைக் குவித்து அடைத்திருப்பது இதன் அடையாளம். தூர்களைச் சாய்வாகக் கத்தரிக்கும். முற்றிய கதிர்களை வளைக்குள் இழுத்துச் சேமிக்கும். வரப்பைத் துளைத்து, கட்டிய நீரை ஓடச் செய்யும். சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரமே. ஓர் ஈற்றில் ஐந்து முதல் பத்துக் குட்டிகள் வரை ஈனும்.

பயிர் பொதி கட்டிக் கதிர் வரும் காலத்தில்தான் எலி மிகுதியாகப் பெருகுகின்றது. வயல் வெறுமையாக உள்ள கோடையிலோ, அது வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கி, தொகையிற் குறைந்து நிற்கும். ஆதலின் மேட்டூர் அணை திறப்பதற்குரிய வழக்கமான நாளான ஜூன் 12க்கு முந்திய வாரங்களே இப்பணிக்கு உகந்தவை.

முதலில் அகன்ற வரப்புகளைச் செதுக்கிக் குறுக்கிப் புல் பூண்டுகளை நீக்குக. எலி வளை தோண்டுவதற்குத் தடித்த வரப்பு வேண்டும். பின்னர் மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்து, மறுநாட் காலையில் பார்வையிடுக. திறந்திருப்பவையே எலி குடியிருக்கும் வளைகள். அவற்றை வெட்டிப் பிடிக்கலாம். தஞ்சாவூர்க் கிட்டிகளும் வைக்கலாம். நடவுக்குப்பின், குறுக்குக் கட்டை பொருத்திய கோல்களை வயலில் நட்டால், ஆந்தையும் கூகையும் இரவில் அமர்ந்து வேட்டையாடும். சாரைப்பாம்பைக் கண்டவுடன் அடித்தல் தகாது. அது கூலி கேளாத காவலன்.

வளை வெட்டும் வித்தையில் இருளர் வல்லவர். அவர்கள் செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் நடத்திவரும் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டு தோன்றியது. நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்தபின் பாம்புகளை மீண்டும் காட்டில் விடுவது அதன் முறை. அத்தகைய கைத்திறனுக்கு உரிய கூலி தந்து அழைப்பது நன்று.

நஞ்சு கடைசி உபாயம். சிங்க் பாஸ்பைடு 1 பங்கிற்கு, சிறிது எண்ணெய் தடவிய பொரி 49 பங்கு சேர்ப்பது முறை. எலி புது உணவை ஐயுறுமாதலின், முதல் இரண்டு மூன்று நாட்கள் நஞ்சில்லாப் பொரியையே வைத்துப் பழக்குதல் வேண்டும். ஒருவர் தாமே அரைகுறையாக வைத்தால், நோயுற்றுப் பிழைத்த எலிகள் அவ்விரையைப் பின்னர் தீண்டா. அடுத்த வயல்காரர் வைக்கும் நஞ்சும் வீணாகும். மேலும் இந்நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. வேளாண்மை அலுவலரின் ஆலோசனையுடன், விஷயமறிந்தவரே கையுறை அணிந்து கலத்தல் வேண்டும். குழந்தைகளையும் கால்நடைகளையும் அண்டவிடாமல், செத்த எலிகளைத் தேடிப் புதைத்தலும் வேண்டும்.

ஆகவே நிர்வாகக் குழுவினர் கோடையிலேயே கூடி, கிராமம் முழுமைக்கும் ஒரே வாரத்தைக் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றுக. வரப்பு வரப்பாக ஆட்களைப் பிரித்து, செலவை ஏக்கர் வீதம் பங்கிடுக. அங்கத்தினரல்லாதார் நிலத்தையும், உரியவர் இசைவு பெற்று, சேர்த்துக்கொள்க. விடுபட்ட ஒரு வயல் போதும், எலி மீண்டும் ஊரெங்கும் பரவுதற்கு. விளைச்சல் வீடு வந்து சேர்ந்தால்தான் கடனும் சங்கம் வந்து சேரும்.